ஜன்னாவின் முதுகு

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு பதருன்னிசாவின் வீட்டில் காய்ந்தது என்று சொல்ல அடுப்புத் தீ ஒன்றுதான் இருந்தது. கொடியில் போட்ட துணியெல்லாம் சொதசொதவென்று தொங்கியது. டின்னில் அடைத்து வைத்த இடியாப்ப மாவுகூட நமத்துப்போய், பிழியும்போது அச்சை விட்டு இறங்க மாட்டேன் என்றது. சுவரில் சாய்ந்தால் முதுகு ஈரமாகும். புதுப்பட்டினத்தில் கடலை ஒட்டிய தெருக்கள் எல்லாமே அந்த மாதம் அப்படித்தான்.

விடியும் முன்பே அந்த வீட்டில் வேலை தொடங்கிவிடும். பதருன்னிசா கொதிநீர் ஊற்றி மாவைக் கிளறிப் பிசைவாள். மருமகள் சூர்யாத்தி அச்சில் திணித்துத் தட்டுத் தட்டாகப் பிழிந்து அடுக்குவாள். ஆவி பறக்கிற இடியாப்பத்தை மாமனார் ஷஃபியுல்லா வாழையிலை விரித்த டப்பாக்களில் அடைத்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு, கல்பாக்கம் டவுன்ஷிப் வாசலுக்கும் ஈசிஆர் டீக்கடைகளுக்கும் கிளம்புவார். அவர் திரும்புகிற நேரத்துக்குத்தான் மகன் சுஹைப் வீட்டுக்கு வருவான். சிறுசேரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களை வீடு சேர்க்கிற வேன் ஓட்டுகிறான். நாலு இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் போட்டு விழுங்கிவிட்டுப் படுத்தானானால் மத்தியானம் வரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

சூர்யாத்தி ஜாவாக்காரி. இந்தோனேசியாவில் தெகால் என்கிற கடலோர ஊர். மலேசியாவுக்குப் போய் ஜோகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, பக்கத்துத் தெரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசிக்கொண்டிருந்த சுஹைபோடு பழகி அவனைக் கட்டிக்கொண்டாள். ஜன்னா அங்கேதான் பிறந்தாள். பிறகு கடையை மூடிவிட்டார்கள். சுஹைப் அங்கே இருப்பதற்கான அனுமதியும் முடிந்தது. போன வருஷம் ஆடிக் காற்றில், கைக்குழந்தையோடு அவள் இங்கே வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கே பதருன்னிசா, "சூர்யான்னு கூப்ட்டா தெருவுல ஒரு மாதிரியா கேப்பாங்கம்மா, சுரையான்னு வெச்சிக்கலாம்" என்றாள். மருமகள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அப்போது அவளுக்குப் புரியக்கூட இல்லை.

சோறு அவளுக்குப் புதிதில்லை. மீன் புதிதில்லை. தொழுகையும் நோன்பும் புதிதில்லை. "உனக்கு இன்னா கஷ்டம், எல்லாம் நம்ம மாதிரிதானே" என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படி நினைத்துத்தான் வந்தாள். ஆனால் அவள் ஊரில் கடல் வடக்கே இருந்தது. தொழ நின்றால் வலக்கைப் பக்கம் அலை கேட்கும். இங்கே முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தடுமாறித்தான் அவள் கையைக் கட்டினாள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. கிட்டத்தட்ட அதேதான், ஆனால் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

வேலை அவளைக் களைப்பாக்கவில்லை. தொழிற்சாலையில் நின்றுகொண்டே பகலைக் கழித்த கால்கள் அவை. குழந்தை விஷயத்தில்தான் அவள் ஓய்ந்துபோனாள். ஜன்னாவுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை அவள் யார் கையிலாவது இருப்பாள். தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெண்கள் கேட்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள். கன்னத்தைக் கிள்ளுவார்கள். "சைனா பாப்பா" என்பார்கள். திரும்பி வரும்போது வாயில் மிட்டாய் இருக்கும், நெற்றியில் கரிப்பொட்டு இருக்கும், கையில் யாருடைய போனாவது இருக்கும். சூர்யாத்தி நீளத் துணியால் குழந்தையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலை செய்வாள். அவள் அம்மா அப்படித்தான் அவளை வளர்த்தாள். "மூட்டை கட்ற மாதிரி புள்ளைய கட்டிகினு நிக்கிறியே, எறக்கி வுடும்மா" என்று பதருன்னிசா சொல்லிச் சொல்லி, அந்தத் துணி பெட்டிக்கு அடியில் போய்விட்டது. சாயங்காலம் வெந்நீரில் குளிப்பாட்டினால் சளி பிடிக்கும் என்றார்கள். குளிப்பாட்டாவிட்டால் சூர்யாத்திக்குத் தூக்கம் வராது. "டுக்" என்றுதான் மகளை அழைப்பாள். ஜாவா மொழியில் பெண்குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜன்னா திரும்பிப் பார்ப்பாள். ஆனால் பதில் தமிழில் வரும். "வேணாம் போ" என்பாள். தன் வயிற்றில் பிறந்தது தன்னிடம் பேசுகிற மொழிக்கு யாரிடமாவது அர்த்தம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று சூர்யாத்திக்கு மனசு கசங்கும்.

புரட்டாசியில் ஒரு நாள் ஜன்னா சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூர்யாத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பதருன்னிசா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாயலூர்ப் பக்கம் தொக்கம் எடுக்கிற ஒருத்தியிடம் போய்விட்டாள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அவள் குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதி, உறிஞ்சி, துப்பிய எச்சிலில் ஒரு பருக்கையைக் காட்டினாளாம். ஜன்னா கத்திக் கத்திக் குரல் கட்டித் திரும்பி வந்தாள். சூர்யாத்தி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையான தமிழ் அவளிடம் இல்லை. கொல்லையில் போய் நின்றுகொண்டு, துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

இவ்வளவுக்கும் பதருன்னிசா கெட்டவள் இல்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டு மருமகளுக்குத்தான் வைப்பாள். சூர்யாத்திக்குக் காரம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துத் தனியாகப் பச்சைமிளகாய் கீறிப் போடுவாள். அவளுடைய வலது தோள் மாவு பிசைந்து பிசைந்து இறங்கிப்போயிருந்தது. ராத்திரியில் அதைப் பிடித்துக்கொண்டு புரளுவாள். காலையில் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

ஐப்பசி மழையில்தான் ஜன்னாவுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்குச் செங்கல்பட்டில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். பதருன்னிசாவும் ஷஃபியுல்லாவும் போயிருந்தார்கள். சுஹைப் சாயங்காலமே வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். குழந்தையின் உடம்பு கொதித்தது, வயிறு உப்பியிருந்தது. காய்ச்சல் மருந்தை ஒரு மூடி கொடுத்தாள். பிறகு தன் அம்மா செய்வதைச் செய்தாள். சின்ன வெங்காயத்தை இரண்டாக நறுக்கி, தேங்காய் எண்ணெயில் தோய்த்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, முதுகெலும்பிலிருந்து விலா நோக்கி மெல்ல மெல்ல இழுத்தாள். உடம்பில் காற்று புகுந்துவிட்டால் அதை இப்படித்தான் வெளியே எடுப்பார்கள். அவள் ஊரில் அதற்குக் கெரோக்கான் என்று பெயர். பெரியவர்களுக்கு நாணயத்தால் அழுத்தி இழுப்பார்கள், குழந்தைக்கு வெங்காயம். மெல்லத்தான் இழுத்தாள். ஆனாலும் அந்த வெளுத்த முதுகில் வரிவரியாகச் சிவந்தது. ஜன்னா அழவில்லை. பாதியிலேயே தூங்கிப்போனாள். காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்ததை யாராவது வந்து சொல்வார்களா?

காய்ச்சல் விட்ட பிறகும் மழைக்குப் பயந்து குழந்தைக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, சட்டையைக் கழற்றவில்லை. இரண்டு நாள் கழித்து மழை கொஞ்சம் விட்டதும் ஜன்னாவை அங்கன்வாடிக்கு அனுப்பினார்கள். அங்கே டீச்சராக இருந்த ரெபேக்காள், தலை நரைக்கத் தொடங்கிய, அதிர்ந்து பேசாத பெண். உதவிக்கு இருந்த ஆயா ஜெசிந்தா, பாத்திரம் உருள்வதற்கு முன்பே அதன் சத்தத்தைத் தெருவுக்குச் சொல்லிவிடுகிற ஆள். ஜன்னா தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள் என்று சட்டையை மாற்றப் போன ஜெசிந்தாதான் முதுகைப் பார்த்தாள்.

மத்தியானம் சூர்யாத்தி கருவாட்டுக் குழம்பு இறக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சு கேட்டது. ரெபேக்காள் டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் குடையோடு ஜெசிந்தா. அவளுக்குப் பின்னால் குழாயடிப் பெண்கள் நாலைந்து பேர், குடத்தை இடுப்பில் வைத்தபடி.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க. இன்னா, புள்ளைக்கு மறுபடி சுடுதா?" என்று பதருன்னிசா எழுந்தாள்.

"சுடலம்மா. கொஞ்சம் உள்ள போய்ப் பேசலாம்," என்றாள் ரெபேக்காள்.

"உள்ள இன்னா டீச்சர் பேசறது, இங்கியே காட்டுங்க," என்ற ஜெசிந்தா தானே குழந்தையின் சட்டையைத் தூக்கினாள். "பாருங்கம்மா. பச்சப் புள்ள முதுவு. யாரோ குச்சியால போட்டு இஸ்த மாதிரி கீது."

பதருன்னிசா கண்ணைச் சுருக்கிக் கிட்டத்தில் பார்த்தாள். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவில், மீன்முள் மாதிரி வரிகள். "யா அல்லாஹ்," என்றாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "சுரையா, இது இன்னாம்மா?"

சூர்யாத்தி கரண்டியோடு நின்றாள். எல்லாக் கண்களும் தன் மேல் இருந்தன. தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போனதை அவளால் உணர முடிந்தது. "காய்ச்சல்," என்றாள். "காத்து. காத்து உள்ள போச்சு. நான் வெளிய எடுத்தேன்."

வாசலில் ஒரு முனகல் எழுந்தது. "காத்தா?" என்றாள் ஒருத்தி. "காத்து கருப்புன்னு புள்ளைய அடிச்சிகீறாடி." இன்னொருத்தி, "அந்த ஊர்ல மந்திரமெல்லாம் பண்ணுவாங்களாம், எங்க வூட்டுக்காரரு சொல்லிகீறாரு," என்றாள். சொன்னவள் ஜன்னாவைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் மிட்டாய் வாங்கித் தருகிறவள்தான்.

தான் சொன்னதில் எது தப்பு என்று சூர்யாத்திக்குத் தெரியவில்லை. காத்து என்றால் காற்று என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சத்தத்தில் சுஹைப் எழுந்து வந்தான். லுங்கியும் பனியனுமாய், கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெசிந்தா அவனுக்கும் முதுகைக் காட்டினாள். அவன் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான்.

"புள்ளைய அடிச்சியா?" என்றான்.

தமிழில் கேட்டான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மொழி மலாய். கல்யாணம் பேசியது, சண்டை போட்டது, பிரசவ வலியில் கையைப் பிடித்துக்கொண்டது எல்லாம் மலாயில்தான். இந்த வீட்டிலும் கதவைச் சாத்தினால் அதில்தான் பேசிக்கொள்வார்கள். இப்போது அவன் கேட்டது அவளிடம் கேட்டதாக இல்லை, கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்று கேட்டதாக இருந்தது.

 சூர்யாத்தி கரண்டியை வைத்தாள். கூடையிலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்தாள், அரிவாள்மணையில் இரண்டாக வகுந்தாள், எண்ணெயில் தோய்த்தாள். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுத் தன் இடது முன்கையில் அழுத்தி இழுத்தாள். மறுபடி, மறுபடி. தோல் சிவந்து ஒரு கோடு எழும்பியது. பக்கத்திலேயே இன்னொன்று. கையை ரெபேக்காளிடம் நீட்டினாள்.

"மருந்து," என்றாள். "எங்க ஊர். எல்லா அம்மா செய்றாங்க. அடிக்கல. என் புள்ள, நான் அடிக்கல."

ரெபேக்காள் அந்தக் கையைப் பிடித்து, குழந்தையின் முதுகுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்றாள் பிறகு. "நான் நம்பறேம்மா. ஆனா என் கண்ணுல பட்டுடுச்சு. பட்டத வுட்டுட்டு நாளைக்கி ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும். அரசு ஆஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிகினு போங்க. டாக்டரம்மா பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா நான் மேல எதும் சொல்ல மாட்டேன்." திரும்பி, "நீங்கெல்லாம் தண்ணி புடிச்சாச்சா இல்லியா?" என்று குழாயடிப் பெண்களைக் கேட்டாள். அவர்கள் மெல்லக் கலைந்தார்கள். ஜெசிந்தா மட்டும், "நானும் கெட்டதுக்கு சொல்லலம்மா," என்று யாருக்கோ சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

வேனில்தான் போனார்கள். ஆஸ்பத்திரியில் மழைக்காய்ச்சல் கூட்டம். பெஞ்சில் ஈரக் குடைகளுக்கு நடுவே சூர்யாத்தி ஜன்னாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவரின் துண்டைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பதருன்னிசா தோளைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். சுஹைப் நின்றான், உட்கார்ந்தான், வெளியே போய் வந்தான்.

டாக்டர் சாருலதா சின்ன வயசு. முதுகைத் தடவி, அழுத்தி, காது தொண்டையெல்லாம் பார்த்தாள். சூர்யாத்தியின் கையையும் பார்த்தாள்.

"இத பத்திப் படிச்சிருக்கேன், நேர்ல இப்பதான் பாக்கறேன்," என்றாள். "பயப்பட ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல மறைஞ்சிடும். இது அடி இல்லன்னு நானே டீச்சருக்கு போன் பண்ணிச் சொல்றேன். ஆனா கொழந்தைக்கு இது வேணாம்மா. தோல் மெல்லிசு, புண்ணாச்சின்னா சீழ் வெக்கும். காய்ச்சல்னா மருந்து குடுங்க, இங்க கூட்டிகினு வாங்க. சரியா?"

"சரி," என்றாள் சூர்யாத்தி. அந்தச் சரியைச் சொல்லும்போது அம்மாவின் கையையே யாரோ எடுத்து ஓரமாக வைத்த மாதிரி இருந்தது.

"வேற எதுனா நாட்டு வைத்தியம் பண்ணீங்களா? ஓதறது, தொக்கம் எடுக்கறது, அந்த மாதிரி? தொண்டை எல்லாம் ரொம்பக் கெட்டுப்போய் வர்ற கொழந்தைங்க இருக்கு, அதான் கேக்கறேன்."

பதருன்னிசா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தாள். அவள் கை சேலை முந்தானையை முறுக்கியது. சூர்யாத்திக்குத் தொக்கம் என்ற சொல் தெரியும். அந்தச் சொல்லை அவள் புரட்டாசியிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். டாக்டர் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் முகத்தில், அன்றைக்கு மத்தியானம் தன் முகத்தில் இருந்திருக்கக்கூடிய பயம் இருந்தது.

"இல்ல டாக்டர்," என்றாள் சூர்யாத்தி. "வேற இல்ல."

திரும்பி வரும்போது மழை வலுத்துவிட்டது. வேன் கண்ணாடியில் துடைப்பான் இழுக்க இழுக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சுஹைப் ஓட்டிக்கொண்டே, பின்னால் திரும்பாமல், மெல்லிய குரலில் மலாயில் சொன்னான்: "தப்பாக் கேட்டுட்டேன். தூக்கக் கலக்கம். மன்னிச்சிக்க."

பதருன்னிசாவுக்கு அந்த மொழி தெரியாது. சூர்யாத்தி குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"ஜோகூர்ல உனக்கு காய்ச்சல் வந்துச்சு. நான் உன் முதுகு இப்படித்தான் இழுத்தேன். காசு வெச்சு. நீ நல்லா தூங்கின. மறந்துட்டியா?"

துடைப்பான் இரண்டு மூன்று தடவை போய்வந்தது.

"மறக்கல," என்றான் அவனும் தமிழில்.

"அப்போ ஏன் கேட்ட?"

"எல்லாரும் நின்னுகினு இருந்தாங்க."

"ஆமா. எல்லாரும் நின்னாங்க. நீயும் அவங்க கூட நின்ன." அவளுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு நீளமாக அவள் தமிழில் பேசியதே இல்லை. "எல்லாரும் இருந்தா தமிழ். யாரும் இல்லன்னா மலாய். நான் உனக்கு மெதுவா மட்டும் பொண்டாட்டியா?"

 சுஹைபின் காது சிவந்திருந்தது. பதருன்னிசா மகனின் பின்னந்தலையை வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

தெருமுனையில் குழாயடியில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சுஹைப் வேனை நிறுத்திவிட்டு இறங்கினான். மழையில் நனைந்துகொண்டே அவர்களிடம் போனான். வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த சூர்யாத்திக்கு அவன் குரல் கேட்டது.

"டாக்டரு பாத்துட்டாங்க. ஒண்ணுமில்ல. அது அவங்க ஊரு மருந்து. நானே போட்டுகினுகீறேன், எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சும் நான்தான் கேனத்தனமா கேட்டுட்டேன். இனிமே யாரும் காத்து கருப்புன்னு பேசிகினு இருக்காதீங்க."

ஒருத்தி ஏதோ சமாதானம் சொன்னாள். சூர்யாத்தி நின்று கேட்கவில்லை. அவன் சொன்னது நல்லதுதான். மத்தியானமே சொல்லியிருக்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பொழுதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தைக்குக் குழம்பை ஒதுக்கிவிட்டு ரசம் சோறு பிசைந்து ஊட்டினாள். ஜன்னா பாதி சாப்பிட்டுவிட்டு வாயில் சோற்றோடு தூங்கினாள். சுஹைப் ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு, சாப்பிடாமல், சாயங்கால வண்டிக்குக் கிளம்பினான். வாசலில் கொஞ்சம் தயங்கினான். "வரேன்," என்று தமிழில், கேட்கும்படி சொன்னான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

வீடு அடங்கியது. அடுப்படியில் பதருன்னிசா மனையில் குந்தியிருந்தாள். மறுநாளைக்கான மாவு டின் எதிரே திறந்து கிடந்தது. அவள் கை வைக்கவில்லை.

"ஏம்மா," என்றாள் திரும்பாமல். "நான் வாயலூருக்கு இஸ்துகினு போனத டாக்டரம்மாகிட்ட நீ ஏன் சொல்லல?"

சூர்யாத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொன்னா உங்களயும் அப்படிப் பாப்பாங்க. என்னை பாத்த மாதிரி."

"பாக்கட்டுமே. பாத்தா இன்னா. உனக்கு என் மேல கோவம் இல்லியா?"

"இருக்கு," என்றாள் சூர்யாத்தி. "நெறய இருக்கு."

பதருன்னிசா தலையை நிமிர்த்தினாள். மருமகள் இதுவரை அவளிடம் இல்லை என்றும் சரி என்றும்தான் சொல்லியிருக்கிறாள்.

"அன்னிக்கு புள்ள குரல் இல்ல மாமி. ராத்திரி தூக்கத்துல வாய் மூடிக்கிச்சு, இப்படி, கை வெச்சு. நான் கேக்கல. எப்படிக் கேக்கணும் எனக்குத் தெரியல." அவள் சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள். "டாக்டர் சொன்னாங்க, இது வேணாம். நான் விடுறேன். எங்க அம்மா செஞ்சது, பாட்டி செஞ்சது, நான் ஜன்னாக்கு விடுறேன். நீங்க அத விடுங்க."

"அது வேற, இது வேறம்மா. என் மூணு புள்ளைங்களுக்கும் அந்த வாயலூர்க்காரியோட அம்மாதான் எடுத்தாங்க."

"எனக்கும் அப்படித்தான். எங்க அம்மா எனக்குப் போட்டாங்க. நல்லா இருக்கேன்."

அடுப்பில் விறகு சடசடத்தது. பதருன்னிசா மாவு டின்னின் மூடியை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். அவளுக்குச் சட்டென்று ஒப்புக்கொள்ள வராது. தெருவில் யாரோடும் அவள் ஒப்புக்கொண்டதில்லை.

"சோறு உள்ள எறங்கலன்னா மட்டும்?" என்றாள்.

"ஆஸ்பத்திரி. நம்ம ரெண்டு பேரும் போலாம். என்னைச் சொல்லாம எடுத்துகினு போகாதீங்க மாமி. எங்க போனாலும். கடைக்கிகூட."

"எடுத்துகினு" என்று தன் பேச்சே மருமகள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுப் பதருன்னிசாவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. "சரி," என்றாள். "சொல்லிட்டுத்தான் போறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சிறுக்கிங்க நின்னப்போ நான் ஒரு வார்த்த உனக்காவப் பேசியிருக்கணும். வாயே வரல. பேஜாராப் பூட்டுச்சு," என்றாள்.

பிறகு மாவில் கை வைக்கப் போனவள் "ம்ம்" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"மாமி, பெரியவங்களுக்குப் பண்ணலாம். டாக்டர் குழந்தைக்கு மட்டும்தான் வேணாம் சொன்னாங்க," என்றாள் சூர்யாத்தி.

"எனக்கா? தெருவே சிரிக்கும்."

"கதவு சாத்துறேன்."

பதருன்னிசா ஆட்டுக்கல்லைப் பார்த்தாள், மாவு டின்னைப் பார்த்தாள், யாரும் வந்துவிடப்போகிறார்களா என்று வாசலைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கூடத்துப் பாயில் ஜன்னாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். ஜாக்கெட்டை இறக்கி முந்தானையால் மறைத்துக்கொண்டாள். அவளுடைய முதுகு இவ்வளவு அகலம் என்று சூர்யாத்தி பார்த்ததில்லை. தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடம் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. எண்ணெயைச் சூடு காட்டித் தடவினாள். ஒரு காசை எடுத்து முதல் கோட்டை இழுத்தாள்.

"எரியுது," என்றாள் பதருன்னிசா.

"கொஞ்சம்தான்."

"எரியட்டும். இன்னுங் கொஞ்சம் கீழ. அங்க. ஆங்."

மழை ஓட்டின் மேல் ஒரே சீராகப் பெய்தது. கோடுகள் கருஞ்சிவப்பாக எழும்பின. அவ்வளவு வலி உள்ளே இருந்திருக்கிறது என்று அவள் ஊரில் சொல்வார்கள். பதருன்னிசா முதலில் முனகினாள், பிறகு யார் யாரையோ பற்றி ஏதோ சொன்னாள், பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். சூர்யாத்தி குனிந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேத்தியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சூர்யாத்தி ஒரு போர்வையை எடுத்து முதுகின் மேல் படாமல் தூக்கிப் போர்த்தினாள்.

அஸர் தொழுதுவிட்டு ஷஃபியுல்லா வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அதிகம் பேசாத மனிதர். பள்ளிவாசலில் யாரோ அவரிடம் மத்தியானத்துக் கதையைச் சொல்லியிருப்பார்கள். முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தில் மனைவி படுத்திருப்பதைப் பார்த்தார், அடுப்படியில் மாவு வறுக்காமல் கிடப்பதைப் பார்த்தார்.

"இன்னாம்மா, அவளுக்கு ஒடம்புக்கா?"

"இல்ல மாமா. தூங்குறாங்க."

"எழுப்பு. நாளைக்கி மாவு வறுக்கணுமே."

சூர்யாத்தி எழுந்து கூடத்து வாசலில் போய் நின்றாள். "வேணாம் மாமா," என்றாள். "எழுப்ப வேணாம். நாளைக்கு இடியாப்பம் இல்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் நகரவில்லை. இடது கையில் வெங்காயக் கோடுகள் இன்னும் மங்காமல் இருந்தன. அவர் கண் ஒரு கணம் அதில் நின்றது.

"டீக்கடைக்காரங்கள்லாம் கேப்பாங்களேம்மா," என்றார் குரலைத் தணித்து. "இன்னா சொல்றது?"

"மழைன்னு சொல்லுங்க."

 ஷஃபியுல்லா தொப்பியைக் கழற்றிப் பிழிந்து ஆணியில் மாட்டினார். போனை எடுத்துக்கொண்டு, தூங்குகிறவர்களுக்குக் கேட்காமல் இருக்க, வாசல்படி வரைக்கும் போனார். "ஆமாப்பா, நாளைக்கி இல்ல," என்று சொல்வது கேட்டது. "ஒண்ணுமில்ல. மழைதான்."

சூர்யாத்தி அடுப்புத் தீயைத் தணித்துவிட்டு வந்து, ஜன்னாவுக்கு இந்தப் பக்கம் மிச்சம் இருந்த பாயில் கால் நீட்டிப் படுத்தாள்.